பையனுக்கு ஃபர்ஸ்ட் குரூப், பொண்ணுக்கு காமர்ஸா?

வணக்கம்மா. ரெட்டைப் பிள்ளைங்க, ரெண்டு பேரும் டென்த், பொண்ணு சொல்லாமலே உக்காந்து படிக்கிறா, பையன் புக்கத் தொட மாட்டேங்கிறான், ஆனா வீட்ல எல்லாரும் ஆம்பளப் பிள்ளைக்குத்தான் கணக்கு மூளை, அவனுக்கு ப்ளஸ் ஒன்ல மேக்ஸ் இருக்குற ஃபர்ஸ்ட் குரூப், அவளுக்கு காமர்ஸ் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க, சரியான்னு கேட்டிருக்கீங்க. சரியில்லம்மா.

தமிழ்நாட்டுல 2025 ப்ளஸ் டூ ரிசல்ட்ல பொண்ணுங்க 96.70 சதவீதம் பாஸ், பசங்க 93.16. டென்த்லயும் 95.88க்கு 91.74. வருஷா வருஷம் இதே கததான், அதுக்காக பசங்களுக்கு மூளை கம்மின்னு யாராச்சும் சொல்றோமா? உலக அளவுல 15 வயசுப் பிள்ளைங்களுக்கு நடக்குற பீசா (PISA) டெஸ்ட்லயும் ரீடிங்ல பொண்ணுங்கதான் முன்னாடி, கணக்குல சராசரி வித்தியாசம் ரொம்ப சின்னது. ஒரே கிளாஸ்ல ரெண்டு பசங்களுக்கு நடுவுல இருக்குற வித்தியாசமே அத விட பெருசும்மா.

அதனால அரையாண்டு மேக்ஸ் பேப்பர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் நிறைய பாத்தது, பையன் பேப்பர்ல விடை கரெக்டா இருக்கும், நடுவுல ஸ்டெப்ப காணோம், 8 மார்க் கிராஃப்ல ஸ்கேல் எழுதாம விட்டிருப்பான். பொண்ணு பேப்பர்ல புக் பேக் கணக்கெல்லாம் கோடு போட்டு அழகா இருக்கும், ஆனா புக்ல இல்லாத கம்பல்சரி கேள்விய தொட்டே பாத்திருக்க மாட்டா, தப்பாயிடுமோன்னு பயம். உங்க வீட்ல தலைகீழாவும் இருக்கலாம், பேப்பர் சொல்றத நம்புங்க.

பையன ரெண்டு மணி நேரம் உக்காருன்னு கத்தாதீங்க, 20 நிமிஷத்துல ஒரு ஸ்லிப் டெஸ்ட், எழுதித்தான் காட்டணும், "தெரியும்மா"ன்னு வாயால சொல்லிட்டு எந்திரிச்சு போக விடாதீங்க. பொண்ணுக்கு தினம் ரெண்டு புதுக் கணக்கு குடுங்க, தப்பா போட்டாலும் பரவால்ல. அப்புறம் அவ கணக்கு போடுறப்போ தம்பிக்கு தோசை ஊத்துன்னு எழுப்பாதீங்க, இத நான் சொன்னேன்னே வீட்ல சொல்லுங்க.

குரூப் விஷயம். காமர்ஸ் ஒண்ணும் மட்டம் கிடையாது, சிஏ படிக்கணும்னு அவளே ஆசப்பட்டா தாராளமா போகட்டும், ஏன் பையனுக்கே கூட அது செட் ஆகலாம். ஆனா மேக்ஸ் எடுக்கலன்னா இன்ஜினியரிங் கவுன்சலிங் பக்கம் போறது ரொம்ப கஷ்டம், கட்-ஆஃப் 200ல 100 மேக்ஸ்தான். ஐஐடிலயே 2018லேர்ந்து பொண்ணுங்களுக்குன்னு கூடுதல் சீட் போட்டு கூப்பிடுறாங்க, நாம ப்ளஸ் ஒன்லயே அத வேணாம்னு சொல்லிடக் கூடாதுல்ல.

ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேளுங்க. மேக்ஸ் பயாலஜி குரூப் உங்க ஸ்கூல்ல இருக்கான்னு இப்பவே விசாரிங்க, இல்லன்னா பக்கத்து ஊர் ஸ்கூலுக்கு காலைல பஸ் எத்தன மணிக்குன்னும் பாத்து வைங்க, பொண்ணுங்கிறதால வீட்ல அடுத்து அதத்தான் காரணம் சொல்லுவாங்க.