டொலர் வந்துவிட்டது, மேசன் வேலை ஏன் வரவில்லை? – கேள்வி பதில்

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையில் எந்தத் தொழில் எப்படி எழும்பியது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். கணக்குகள் 2024 முடிவு வரைக்குமானவை.

கிளிநொச்சி, உயர்தர மாணவன்: சேர், 2024இல் 5 சதவீத வளர்ச்சி என்று படிக்கிறோம். வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்று அம்மா சொல்கிறா. எது சரி?

இரண்டும் சரி தம்பி. 2021இல் நாட்டின் உற்பத்தியை 100 என்று வை. 2022இல் 7.3 சதவீதம் விழுந்து 92.7. 2023இல் இன்னும் 2.3 சதவீதம் விழுந்து 90.6. அதிலிருந்து 5 சதவீதம் ஏறினால் 95.1தான். மூன்று வருடம் போயும் பழைய இடத்துக்கு வரவில்லை.

அம்மாவின் கணக்கு கடைக் கணக்கு. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த செப்டெம்பரில் 1.3க்கு வந்தது. குறைந்தது விலை ஏறும் வேகம்தான், ஏறின விலை ஏறினபடியே நிற்கிறது. சம்பளம் அந்த அளவுக்கு ஏறினவர்கள் குறைவு. 2024இலும் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில் என்பது உலக வங்கியின் மதிப்பீடு.

வவுனியா, மேசன்: ஹோட்டலெல்லாம் நிறைஞ்சு கிடக்குது. எங்களுக்கு மட்டும் வேலை இல்லை. கட்டட வேலை ஏன் கடைசியாக எழும்புது?

அண்ணை, உங்கள் தொழிலுக்குக் காசு மூன்று பக்கத்தால் வரும்: அரசாங்கம், வெளிநாட்டுக் கடன், வங்கியில் கடன் எடுத்து வீடு கட்டுகிற சனம். 2022இல் மூன்றும் ஒன்றாக நின்றன. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, அந்தக் கடன்களில் நடந்த பெரிய வேலைகள் பாதியில் நின்றன. கட்டுநாயக்க விமான நிலையத்தில் யப்பான் கடனில் கட்டிய இரண்டாவது முனையமும் அதில் ஒன்று. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் 2023 மார்ச்சிலேயே கிடைத்தது. ஆனால் கடன் கொடுத்த நாடுகளோடு உடன்படிக்கை 2024 யூனில்தான் கைச்சாத்தானது. அதற்குப் பிறகுதான் யப்பான் தன் வேலைகளைத் திரும்பத் தொடங்கச் சம்மதித்தது.

வீட்டு வேலைக்கு வருவோம். 2021 தொடக்கத்தில் 1,000 ரூபாய் அளவில் இருந்த சீமெந்து மூட்டை 2022இல் 3,000ஐத் தாண்டியது. அந்த வருடக் கடைசியில் வங்கிகள் தங்கள் நல்ல வாடிக்கையாளரிடமே 25 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கின. அரிசியை நாளைக்கு வாங்கலாம் என்று விட முடியாது, மேல்மாடியை விடலாம். சனம் விட்டது.

2024இல் கட்டட வேலையும் சேர்ந்த கைத்தொழில் துறை 11 சதவீதம் வளர்ந்தது உண்மை. அதற்கு முன் 2022இல் 16, 2023இல் 9 சதவீதத்துக்கு மேல் விழுந்த துறை அது. குழிக்குள் இருந்து ஏறுகிறது, இன்னும் மேலே வரவில்லை. செய்து முடித்த வேலைக்கே கொந்தராத்துக்காரருக்கு அரசாங்கம் காசை இழுத்தடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிந்தல் கடைசியில் வந்து விழுந்தது உங்கள் நாட்சம்பளத்தில். டைல், வயரிங் என்று இன்னொரு கைவேலையும் பழகி வையுங்கள். கைதேர்ந்தவர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள்; வேலை திரும்பும்போது ஆள் தட்டுப்பாடு இருக்கும்.

கட்டார், சாரதி: நாங்கள் அனுப்பின காசு உண்மையிலேயே உதவினதா?

உதவியது, அதுவும் முதலில் மீண்டதே அதுதான். 2021இல் ஏறக்குறைய 5.5 பில்லியன் டொலர் வங்கி வழியாக வந்தது, 2022இல் 3.8 ஆனது. நீங்கள் உழைப்பை நிறுத்தவில்லை. வங்கி டொலரை 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்த காலத்தில் உண்டியல்காரன் (வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுப்பவன்) கூடக் கொடுத்தான், காசு அந்த வழியால் போனது. 2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைக்காமல் சந்தை விலைக்கு விட்டதும் அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கியது. 2023இல் ஏறக்குறைய 6, 2024இல் 6.6 பில்லியன். வழி மட்டும் மாறினால் போதுமாக இருந்தது. தொழிற்சாலை கட்டவோ விதைக்கவோ தேவைப்படவில்லை.

கட்டுநாயக்க, தைக்கும் தங்கை (ஊர் ஹட்டன்): நாடு பெற்றோல் வரிசையில் நின்ற வருடம் எங்களுக்கு ஓவர்டைம். நாடு சரியாகி வரும்போது ஓவர்டைமை வெட்டினார்கள். இது என்ன தலைகீழ்?

உங்கள் வாடிக்கையாளர் கொழும்பில் இல்லை தங்கச்சி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார். 2022இல் ஆடை, புடவை ஏற்றுமதி 6 பில்லியன் டொலரை ஒட்டி வந்தது. 2023இல் அந்த நாடுகளில் விலைவாசியும் வட்டியும் ஏறி, ஓடர் குறைந்து, 5 பில்லியனுக்குக் கீழே போனது. உங்கள் ஓவர்டைம் எப்படிப் போகும் என்று பார்க்க அங்கத்தைய கடைகளின் விற்பனையைப் பாருங்கள்.

நிலாவெளி, விடுதி நடத்துபவர்: அறை நிறைகிறது, கையில் காசு நிற்கவில்லை.

2018இல் 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2022இல் 7.2 இலட்சம், 2024இல் 20.5 இலட்சம். தலைக்கணக்கு கிட்டத்தட்ட வந்துவிட்டது; வருமானம் 4.4 பில்லியன் டொலரில் இருந்து 3.2க்குத்தான் வந்திருக்கிறது. அதோடு 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் கொரோனாவிலும் தள்ளிப்போட்ட கடன், வட்டியோடு இப்போது நிற்கிறது. வங்கியோடு தவணையை நீட்டப் பேசுங்கள், தவணை தவறுவதற்கு முன்பே பேசுங்கள்.

மன்னார், மீனவர்: எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அது நியாயமான கோபம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340க்குப் போனது. சின்ன எஞ்சின் படகுக்கு அதுதான் உயிர். தட்டுப்பாடாக இருந்த பசளை வந்ததும் வயல் எழும்பியது: நெல் 2022இல் ஏறக்குறைய 34 இலட்சம் தொன், 2023இல் 45 இலட்சம். உங்களுக்கு எண்ணெய் வந்தது, பழைய விலை வரவில்லை. 2024 முடிவிலும் அது இரண்டு மடங்குக்குக் குறையவில்லை. படகு கடலுக்குப் போன நாளைப் போகாத நாளோடு ஒப்பிட்டு எண்ணெய்ச் செலவை எழுதி வைத்து, சங்கத்தின் ஊடாக மானியம் கேளுங்கள். இந்திய இழுவைப்படகு அறுத்த வலையின் பெறுமதியையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.