பம்புசெட் கெப்பாசிட்டரை நானோவிஎன்ஏவில் அளப்பது

கோபியிலிருந்து கேட்ட நண்பருக்கு: உங்கள் 36 மைக்ரோஃபாரட் மோட்டார் கெப்பாசிட்டர் நானோவிஎன்ஏவில் (ரேடியோ அதிர்வெண்களில் அளக்கும் சிறிய கருவி) காயில் (கம்பிச்சுருள்) மாதிரி தெரிகிறது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. அந்தக் கருவியின் பல மாடல்கள் தொடங்குவதே 50 கிலோஹெர்ட்ஸில். அங்கே கெப்பாசிட்டரின் மறிப்பு (ஏசி மின்னோட்டத்துக்குத் தரும் தடை) சுமார் 0.09 ஓம்தான், 50 ஓமுக்குச் செய்த கருவிக்கு அது ஷார்ட் மாதிரி. மேலும், இணைக்கப் பயன்படுத்தியதாக நீங்கள் சொன்ன பத்து சென்டிமீட்டர் ஒயர் இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 200 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (காயிலின் குணம்). ஒத்ததிர்வு (கெப்பாசிட்டரின் மறிப்பும் ஒயரின் மறிப்பும் சமமாகி ஒன்றையொன்று ரத்து செய்யும் இடம்) 60 கிலோஹெர்ட்ஸ் பக்கமே வந்துவிடும், அதற்கு மேல் காயிலாகத்தான் தெரியும்.

மோட்டாருக்குத் தேவை 50 ஹெர்ட்ஸ்; அங்கே இதன் மறிப்பு 88 ஓம். எல்சிஆர் மீட்டரில் (காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் அளக்கும் மீட்டர்) 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்க. அதற்கு முன் பம்பு ரூமில் மெயினை அணைத்து, ரெசிஸ்டர் வைத்துக் கெப்பாசிட்டரை முழுக்க டிஸ்சார்ஜ் செய்யுங்க. மிச்ச சார்ஜோடு இணைத்தால் கருவியின் போர்ட் போய்விடும், கையிலும் பலமாக அடிக்கும்.