கூரையில் ஒழுகும் ‘சளி’

கேள்வி: குகைப் படிவுகள் நீர்த்துளியால்தானே உருவாகின்றன? பாக்டீரியாவுக்கு அங்கே என்ன வேலை?

பதில்: கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளுக்கு நீரே பெரும்பாலும் போதும். துளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படியும். ஆனால் மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்திலுள்ள வில்லா லூஸ் குகை வேறு ரகம். அங்கே ஊற்றுநீரோடு ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது; அழுகிய முட்டை நாற்றம்தான். அதை ஆக்சிஜனேற்றிப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் கூரையில் மூக்குச்சளிபோலத் தொங்குகின்றன. நுனியில் சொட்டுவது கந்தக அமிலம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கடுமை) 1-க்கும் கீழே போகும், சட்டையில் பட்டால் ஓட்டைதான். அமிலம் பட்ட சுண்ணாம்புப் பாறை ஜிப்சம் என்ற மெதுவான கனிமமாகிப் பற்பசைபோலச் சுவரில் அப்பிக்கிடக்கும். அது கனத்து ஓடையில் விழுந்து கரைந்ததும் புதுப்பாறை அமிலத்திடம் அகப்படும். குகை அகல்வது இப்படித்தான்.

கேள்வி: ஜிப்சமா, கால்சைட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உதிர்ந்த துண்டை நகத்தால் கீறுங்கள். ஜிப்சத்தில் தடம் விழும், கால்சைட்டில் விழாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும். குகைச் சுவரிலேயே சோதித்துவிடாதீர்கள், கறை போகாது. நுண்ணுயிர்தான் உருவாக்கியதா என்பது இதில் தெரியாது. மின்னணு நுண்ணோக்கியில் பாக்டீரியா இழை தெரிந்தாலும் அவசரப்படக்கூடாது. தானாக வளர்ந்த படிகத்துக்குள் அது சும்மா சிக்கியிருக்கலாம்.