செவ்வியல் தாராளவாதம் என்றால் என்ன? தொழிற்புரட்சிக் காலத்தில் அது என்ன செய்தது?

ஒருவருடைய உயிர், உடைமை, தொழில் ஆகியவற்றில் அரசு தேவையில்லாமல் தலையிடக் கூடாது என்ற கொள்கைதான் செவ்வியல் தாராளவாதம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மன்னர் நினைத்தபடி வரி போடுவதையும் ஆட்களைச் சிறையில் தள்ளுவதையும் எதிர்த்து வளர்ந்தது. ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக் அதற்குத் தத்துவம் கொடுத்தார். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் அதை வணிகத்துக்குப் பொருத்தினார்.

இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 7 வருஷம் ஒருவரிடம் வேலை பழகாமல் பல தொழில்களைச் செய்யவே முடியாது. பழைய கடைக்காரர்கள் சம்மதித்தால்தான் சந்தையில் புதிதாகக் கடை போடலாம் என்பது போல. இந்தக் கொள்கை வலுத்ததும் 1814-இல் அந்த விதி போனது. வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்து ரொட்டி விலையை ஏற்றிவைத்த தானியச் சட்டங்களை 1846-இல் நீக்கினார்கள். ஏழை வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, மறுபக்கம்? பஞ்சாலைகளில் சின்னப் பிள்ளைகள் ஓடும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பொறுக்கினார்கள். முதலாளிகளோ இதே கொள்கையைச் சொல்லி வேலைநேரக் கட்டுப்பாட்டை எதிர்த்தார்கள். 9 வயதுக்குக் குறைந்தவர்களைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைக்க 1819-இலேயே தடை வந்தது. ஆனால் நேரில் போய்ப் பார்க்கும் அரசு ஆய்வாளர்கள் 1833-இல்தான் வந்தார்கள். பலம் இல்லாதவர்களைக் காக்க அரசு தலையிடுவதையும் எதிர்க்க இடம் கொடுத்ததுதான் இந்தக் கொள்கையின் பெரிய ஓட்டை என்பேன்.

அப்புறம், ‘அரசே வேண்டாம்’ என்பதுதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாதுகாப்பு, நீதி, சாலை, பாலம் எல்லாம் அரசின் கடமை என்று ஸ்மித்தே எழுதியிருக்கிறார்.