பழைய ஓ-ரிங்கும் வக்கீல் நோட்டீஸும்

கேள்வி: கார் பட்டறை நடத்துகிறேன். ஒரு பெட்ரோல் காருக்கு, இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் வாடிக்கையாளரே இணையத்தில் வாங்கி வந்து கொடுத்தார். அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ஃபியூவல் ரெயிலைக் கழற்றி, அவற்றை மாட்டிக்கொடுத்தேன். ஆறு நாள் நன்றாக ஓடிய வண்டி ஏழாம் நாள் புகைந்து, இன்ஜின் ஒயரிங் கருகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. என் ஆட்கள் முன்னாலேயே என்னைத் திருடன் என்றார். இருபது வருட அனுபவத்துக்கு இதுதான் மரியாதையா? இப்போது வக்கீல் நோட்டீஸும் வந்துவிட்டது. இன்ஜெக்டரில் கசிவைத் தடுக்கும் ரப்பர் ரிங்குகள் (ஓ-ரிங்) நன்றாக இருந்ததால் பழையதையே போட்டேன். மற்றபடி என் வேலையில் குறையே இல்லை. வண்டி என் பட்டறையில்தான் நிற்கிறது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, அவை போலி என்று நிரூபித்துவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள். வண்டியைத் தொடவே தொடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கும் வரி ஒன்றே ஒன்றுதான்: “பழையதையே போட்டேன்.” திருடன் என்றதும் இருபது வருட அனுபவமும் தராசில் ஏறப்போவதில்லை. அவதூறு வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி இதுதான்: பெட்ரோல் எந்த இடத்திலிருந்து வெளியே வந்தது? இன்ஜெக்டரின் உடம்பில் விரிசல் விட்டுக் கசிந்திருந்தால் அது பொருளின் குறை. ரெயிலுக்குள் நுழையும் மேல் ஓ-ரிங்கில் கசிந்திருந்தால் அது மாட்டியவரின் குறை. பாகத்தை யார் வாங்கினார் என்ற வாதம் அங்கே எடுபடாது. (இன்ஜின் பக்கத்துக் கீழ் ரிங் போனால் காற்றை இழுக்கும், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓட்டம் (ஐடிலிங்) ஆடும், பெட்ரோல் வெளியே கொட்டாது. அதனால் எல்லோரும் மேல் ரிங்கைத்தான் பார்ப்பார்கள்.) “வாடிக்கையாளர் தரும் பாகங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், அது பாகத்தின் தரத்தைப் பற்றியது, கைவேலையைப் பற்றியதல்ல. போலி என்றே நிரூபணமானாலும், “கையில் வாங்கிப் பார்த்தவர் ஏன் மாட்டினீர்கள்?” என்பார்கள்.

ஆறு நாள் ஓடியது உங்களுக்குச் சாதகம் என்று நினைக்கிறீர்கள். அது எதிர்த் தரப்புக்குத்தான் சாதகம். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த ரிங் இறுகி, பழைய பள்ளத்தின் அளவுக்கே தட்டையாகியிருக்கும். புதிய இன்ஜெக்டரில் முதல் நாள் பிடிக்கும். இன்ஜின் சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறி, ஒருநாள் ரெயிலில் இருக்கும் 3, 4 பார் அழுத்தத்துக்கு விட்டுக்கொடுக்கும். அவர்கள் கொண்டுவரும் நிபுணர் இதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

குறுக்கு விசாரணையில் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும்: கழற்றுமுன் ரெயில் அழுத்தத்தை இறக்கினீர்களா? துளைகளைத் துடைத்தீர்களா? ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவினீர்களா, உலர்வாகவே அழுத்தினீர்களா? மாட்டியபின் ஒவ்வொரு இன்ஜெக்டரும் கையால் திரும்பியதா? திரும்பாவிட்டால் ரிங் நசுங்கியிருக்கலாம். ரெயில் போல்ட்களை மாற்றி மாற்றி, கம்பெனி சொன்ன இறுக்க அளவுக்கு (டார்க்) இறுக்கினீர்களா? எல்லாவற்றையும்விட முக்கியமானது கசிவுச் சோதனை. இன்ஜினை ஓட்டுமுன் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, பம்ப் அழுத்தம் ஏற்றியபின் ஒவ்வொரு மூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? செய்த வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதியிருக்கிறதா? எழுதாத சோதனையை நடந்த சோதனையாக ஏற்கவைப்பது கடினம்.

பட்டறைக்காரர்கள் அதிகம் விழும் குழிக்கு வருகிறேன். வண்டி தன் ஷெட்டிலேயே நிற்பதால், ராத்திரியோடு ராத்திரியாக ரெயிலைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் மெஷினில் போடுவார்கள். கருகிய ரிங் குப்பைக்குப் போகும். சிலர் நல்லெண்ணத்தில் ஒயரிங்கையே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிமிடம் கசிவு எங்கே என்பதற்கான ஆதாரம் உங்கள் கையால் அழிந்தது என்று ஆகும். உண்மையிலேயே இன்ஜெக்டரில் விரிசல் இருந்திருந்தாலும், “இவர்தான் கழற்றும்போது உடைத்தார்” என்பார்கள். நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே இருதரப்பும் ஏற்கும் ஒரு நிபுணர் முன்னால் மட்டும், தேதி குறித்து எழுத்தில் அழைத்து, வீடியோ எடுத்தபடி கழற்ற வேண்டும். முதலில் இருந்த நிலையிலேயே படம்: கிளிப்புகள், கனெக்டர்கள், போல்ட் இறுக்கம், எரிந்த தடம் எந்த சிலிண்டர் பக்கம் கனமாக இருக்கிறது என்பது. பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரும் ரிங்கோடு, சிலிண்டர் எண் எழுதிய தனி உறையில், இரண்டு கையெழுத்தோடு சீல். தீயில் ஒரு ரிங் கருகினாலும் மிச்சம் மூன்று கதை சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளை ஸ்கேனர் வைத்து அழிக்காதீர்கள். “பார்க்கலாமே” என்று இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரண்டாவது தீக்கு யாரும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று. பதில் நோட்டீஸில் “புது ரிங் போட்டேன்” என்று எழுதும் ஆசை வரும். வேண்டாம். வாங்கிய பில்லைக் கேட்பார்கள். அந்தப் பொய் ஒன்று போதும், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் நம்பப்படாமல் போக.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். ரிங்கின் விலையையும் ஒயரிங்கின் விலையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்மேல் வழக்குச் செலவு வேறு. கூலியைத் திருப்பி, ஒயரிங் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் முடியும். சிக்கலான இடம் ஒன்று உண்டு. அவர் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போட்டிருந்தால், அவருக்குப் பணம் கொடுத்த கம்பெனி அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். வாடிக்கையாளரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் இரண்டாவது முறையும் கொடுக்க நேரும். எனவே கிளெய்ம் இருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். இருந்தால் கம்பெனியையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். “பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், முழுத் தீர்வாக” என்ற வாசகம் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் “மன்னிச்சிடுங்க சார், என் தப்புதான்” என்று அனுப்பிவிடாதீர்கள். ரிப்பேர் வேலைக்கு, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் பதில் போய்ச் சேரட்டும்.