வீட்டில் தறி போட்டால் அது தொழில் ஆகுமா?

வணக்கம் ஐயா,

உங்கள் மகள் நெசவு, சாயம், தையல் இவற்றால் கலைப்படைப்பு செய்யும் துணிக்கலைஞராக வேண்டும் என்கிறாள். நீங்கள் பார்த்தவரை அந்தக் கலைஞர்கள் வீட்டிலேயே நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இதைத் தொழில் என்று நம்பி எப்படிப் படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் வேலை பெற்றவர் கண்ணில் படும். வீட்டு மூலையில் நடப்பது படாது. அதனால் படிப்பு, கல்லூரி பற்றியெல்லாம் பேசும் முன்பு, அந்த வீட்டுக்குள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாழ்க்கை உங்கள் மகளுக்கு ஒத்துவருமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தறியில் நெய்யும் கலைஞரை எடுத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு நெய்ய வேண்டும், சென்டிமீட்டருக்கு 8 இழை என்றால், பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், 480 இழைகள். ஒவ்வொன்றையும் அளந்து, சிக்கில்லாமல் சுற்றி, இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் கோத்து, அப்புறம் சீப்பு போன்ற அச்சின் பல்லிலும் கோத்து, எல்லா இழைகளும் ஒரே இழுவிசையில் நிற்கும்படி கட்ட வேண்டும். ஓர் இழை இடம் மாறினால் துணியின் தலையிலிருந்து கடைசிவரை அந்தக் கோடு ஓடும். இத்தனையும் முடிந்த பிறகுதான் குறுக்கே ஓடும் முதல் நூலான ஊடை போகும். பெரிய வேலையாக இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கே நாள்கணக்கில் ஆகும். அதுவரை எட்டிப் பார்ப்பவர், "இன்னும் ஒன்றும் தொடங்கவில்லையா?" என்றுதான் கேட்பார்.

சாயம் போடுபவருக்கும் இதே கதைதான். நூலை எடை போட வேண்டும், அதிலிருக்கும் எண்ணெயும் கஞ்சியும் போக அலச வேண்டும், சாயம் பிடிப்பதற்குப் படிகாரம் ஏற்ற வேண்டும். கம்பளி என்றால் நூலின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை படிகாரம் சேர்ப்பது வழக்கம். மஞ்சிட்டி வேரில் நல்ல சிவப்பு வேண்டுமானால் கொதிக்க விடக்கூடாது. சூடு மிஞ்சினால் பழுப்பாகிவிடும். அவுரித் தொட்டியில் முக்கிய துணி வெளியே வரும்போது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், காற்றுப் பட்ட பிறகே நீலமாகும். எத்தனை முறை முக்கி எடுத்தால் எந்த நீலம் வரும் என்பது கையில் படிய வருடங்கள் ஆகும்.

இதையெல்லாம் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடிந்த துணியின் அழகு எல்லோருக்கும் பிடிக்கும். அந்த அழகைப் பார்த்து இந்தத் துறைக்கு வருபவர்கள் நிறையப் பேர். நிலைத்து நிற்பவர்களுக்கோ முன்னால் சொன்ன அந்தக் கண்ணில் படாத பகுதியே பிடித்திருக்கிறது. ஆகவே உங்கள் மகள் என்ன செய்து முடித்தாள் என்பதைக் காட்டிலும், பாவு கட்டும்போதும் நூல் அலசும்போதும் எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். தப்பாகப் போன நான்கு விரற்கடைப் பூத்தையலை யாரும் சொல்லாமலே பிரித்து மறுபடி போடுகிறாளா? நான் மதிப்பெண் பட்டியலைவிட அதற்கு அதிக எடை கொடுப்பேன்.

வீட்டில் செய்தால் அது பொழுதுபோக்கு என்ற எண்ணத்துக்கு வருவோம். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1879-இல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் இருந்த தன் வீட்டுப் படுக்கையறையிலேயே தறியை நிறுத்தி, தன் முதல் சித்திரத் திரைச்சீலையை நெய்தார். அப்போதே அவர் சொந்த நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த, பெயர் பெற்ற மனிதர். விடியற்காலையில் எழுந்து நெய்வார். அன்றன்று எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தார். மே முதல் செப்டம்பர் வரை, மொத்தம் 516 மணி நேரத்துக்குச் சற்று மேல். தறி இருந்தது படுக்கையறையில்தான், ஆனால் மணிக்கணக்கு எழுதிய அந்த நோட்டு இருந்ததால் அது வேலை. உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: எந்தத் துண்டுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று இன்றிலிருந்தே எழுதிவைக்கட்டும். பின்னாளில் விலை சொல்ல வேண்டி வரும்போது இந்தக் கணக்கு இல்லாமல் தடுமாறுபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். நூலின் விலையைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள், கையின் விலையை விட்டுவிடுகிறார்கள்.

அந்த நோட்டில் இன்னும் சில விஷயங்களும் ஏற வேண்டும். நூலின் எடை, சாயத்தின் அளவு, தண்ணீரின் சூடு, ஊறிய நேரம், கூடவே ஒட்டிவைத்த மாதிரித் துண்டு. துவைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்த நீளம், அகலம். மாதிரித் துண்டின் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரங்கள் வைத்துப் பார்த்தால் எந்தச் சாயம் வெளுக்கும் என்பது தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் விற்ற துணி வாங்கியவர் வீட்டுச் சுவரில் நிறம் மங்கினால், அந்தக் கலைஞருக்கு அவரிடமிருந்து அடுத்த வேலை வராது.

ஒரு நாளின் நேரப் பங்கீடும் இந்த வேலையிலிருந்தே பிறக்கிறது. நிறம் பொருத்துவது பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டியது. விளக்கடியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நூல்கள் பகலில் வேறு வேறாகத் தெரிவதுண்டு. அதனால் பலர் காலையை நிறத்துக்கும் நெசவுக்கும் வைத்துக்கொண்டு, கடிதங்கள், கணக்கு, புகைப்படம், பார்சல் எல்லாவற்றையும் பிற்பகலுக்குத் தள்ளுகிறார்கள். மனம் அதிகம் ஈடுபட வேண்டாத ஓரத் தையல் இரவுக்கு. வீட்டில் இருப்பதால் யாரும் எப்போதும் கூப்பிடலாம் என்ற நிலை வந்துவிட்டால் இந்த ஒழுங்கு உடைந்துபோகும். தறியில் இருப்பவரை நடுவில் எழுப்பினால் எண்ணிக்கை தப்பும், அடித்த ஊடையின் அழுத்தமும் மாறும். அது துணியில் தெரியும். பெற்றோராக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. மகளுக்குக் கதவு உள்ள ஓர் இடம், இல்லாவிட்டால் ஒரு மூலையும் அதற்கென்று சில மணி நேரமும் கொடுங்கள். அந்த நேரத்தில் அவள் வெளியூரில் வேலைக்குப் போயிருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சாயம் காய்ச்சும் பாத்திரமும் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும். அவை மறுபடி சமையலுக்குப் போகவே கூடாது. செயற்கைச் சாயப் பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், ஏனென்றால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களின் பொடி மூச்சில் தொடர்ந்து போனால் சிலருக்கு மூச்சு ஒவ்வாமை வரும். இயற்கைச் சாயமானாலும் ஜன்னலைத் திறந்துவைத்தே காய்ச்ச வேண்டும். முடித்த கம்பளியும் பட்டும் பூச்சிக்கு இரையாகும், அவற்றைச் சுத்தமாக அலசிக் காயவைத்து, மடிக்காமல் குழாயில் சுருட்டி வைக்கப் பழக்குங்கள்.

அடுத்தது பணம். உங்கள் கடிதத்தின் மையம் அதுதான் என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் ஒரே தொகை வரும் வாழ்க்கை இது இல்லை. கலைப்படைப்பை மட்டும் விற்று வாழ்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் இரண்டு மூன்று வாய்க்கால்களில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்: சொந்தப் படைப்பு ஒன்று, கட்டளையின் பேரில் செய்து தருவது ஒன்று, கற்பிப்பதோ நிறுவனங்களுக்குத் துணி வடிவமைப்பதோ இன்னொன்று. இதில் தலைகுனிவு எதுவும் கிடையாது. ஓவியர் சோனியா டெலோனே 1911-இல் பாரிஸில், கைக்குழந்தையான தன் மகனுக்காகத் துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்த போர்வை, இன்று அந்நகரத்தில் உள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. 1917 ரஷ்யப் புரட்சியோடு அங்கிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த வருமானம் நின்றுபோனது. குடும்பத்தை நடத்த அவர் உடைகளும் துணிகளும் வடிவமைக்க இறங்கினார். பாரிஸில் தன் வீட்டையே பட்டறையாக்கினார். லியோன் நகரப் பட்டு உற்பத்தியாளருக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தார். 1964-இல் லூவ்ர் அருங்காட்சியகம் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. பிழைப்புக்காகச் செய்த துணி வேலை அவருடைய கலையைக் குறைத்துவிடவில்லை. என் பார்வையில் அவருடைய வண்ணங்களை ஊரெல்லாம் கொண்டுபோனதே அந்த வேலைதான்.

பணம் சம்பந்தமாக மகள் சீக்கிரமே பழக வேண்டியவை சில உண்டு. கட்டளை வேலை என்றால் அளவு, நிறம், முடிக்கும் தேதி, எத்தனை முறை மாற்றித் தருவது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, முன்பணம் வந்த பிறகுதான் நூல் வாங்க வேண்டும். பல கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். விலை வைக்கும்போதே அது மனதில் இருக்க வேண்டும். உறவுக்காரர், நண்பர் என்று சும்மா செய்து கொடுப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். இதில் பெற்றோரும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பிள்ளையின் கைவேலையை முதலில் பரிசாக வாரிக் கொடுப்பது பெரும்பாலும் நாம்தான்.

சரி, என்ன படிப்பது? இங்கே மூன்று வழிகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜவுளித் தொழில்நுட்பம் பொறியியல் சார்ந்தது: நூற்பு, நெசவு இயந்திரம், சாய வேதியியல், தரச் சோதனை. ஆலை வேலைக்கு அது நேர்வழி. ஜவுளி வடிவமைப்பு என்பது கணினியில் வடிவம் வரைவது, திரும்பத் திரும்ப வரும் பூக்கட்டை அமைப்பது, சந்தைக்கு ஏற்ற துணியை உருவாக்குவது. நுண்கலைப் படிப்பில் துணியை ஊடகமாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. உங்கள் மகள் சொல்கிற வாழ்க்கைக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தும். எனக்கு இரண்டாவதன் பக்கம் சற்றுச் சாய்வு உண்டு. தொழில்நுட்பமும் கையில் வரும், வேலைவாய்ப்பும் திறந்திருக்கும், சொந்தப் படைப்புக்கும் தடையில்லை. இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைப் பாதுகாக்கும் வேலை. அதற்கு வேதியியல் அவசியம். மகள் இப்போது வேதியியல் படிக்கிறாள் என்றால் அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம்.

பட்டம் இல்லாமல் இந்தக் கலையில் யாரும் உயர்ந்ததில்லையா என்று மகள் உங்களிடம் வாதாடக்கூடும். உயர்ந்திருக்கிறார்கள். ஹன்னா ரிக்கென் ஆசிரியையாகப் பயிற்சி பெற்று, ஓவியம் கற்று, நெசவைத் தானாகவே பழகியவர். நார்வே நாட்டு ஓர்லாந்தில் ஒரு சிறு பண்ணையில் குடும்பத்தோடு வாழ்ந்தார். கணவர் செய்துகொடுத்த தறி, தானே நூற்ற கம்பளி, சுற்றுப்புறச் செடிகளிலிருந்து எடுத்த சாயம். அங்கிருந்தபடி தன் காலத்துப் போர்களையும் சர்வாதிகாரிகளையும் பற்றி நெய்தார். 1964-இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் நார்வேயின் சார்பில் அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. ஆனால் அவரிடம் பல வருட ஓவியப் பயிற்சி இருந்தது என்பதையும் மகளிடம் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரியோ குருவோ, யாரிடமாவது வரையவும் வண்ணம் பார்க்கவும் முறையாகப் படித்தே ஆக வேண்டும்.

உடம்பையும் மறக்கக் கூடாது. மணிக்கட்டு, தோள், கழுத்து, கண் எல்லாம் இந்த வேலையில் தேயும். ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1922-இல் சேர்ந்து நெசவு கற்ற ஆனி ஆல்பர்ஸ், 1949-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்டவர். 1960-களில் அவர் அச்சுக்கலை பக்கம் திரும்பி, பிறகு தறியை முழுதாகவே விட்டார். கலை நிற்கவில்லை, ஊடகம் மாறியது. வரையும் பழக்கத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கையை நீட்டி மடக்குவதை இந்த வயதிலேயே பழக்கிவிடுங்கள்.

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரிய தறி எதுவும் இப்போது வாங்க வேண்டாம். மரச்சட்டத்தில் ஆணி அடித்தால் சிறு தறி தயார். ஒரே பொருள், ஒரே எண்ணம் என்று எடுத்துக்கொண்டு, உள்ளங்கை அளவில் இருபது மாதிரிகள் செய்யட்டும். சுவரின் விரிசல், மழைத் தண்ணீர், பாட்டியின் கை, எதுவாகவும் இருக்கலாம். அழகாக வராதவற்றையும் தூக்கி எறியாமல், ஏன் வரவில்லை என்று பக்கத்தில் எழுதிவைக்கட்டும். நேர்காணலில் பேராசிரியர்கள் முடிந்த ஒரு துணியைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு மாதிரியிலிருந்து அடுத்த மாதிரிக்கு எப்படிப் போனாள் என்பதைத்தான் நின்று கேட்பார்கள். அதன் பிறகு குறைந்தது ஒரு பெரிய துண்டை, ஓரம் மடித்து, அலசி, தொங்கவிடும் கம்பியோடு முழுமையாக முடிக்கட்டும். பாதியில் நின்ற பத்து வேலைகளைவிட முடித்த ஒன்று அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இந்த மாதங்களில் அவளிடம் வருமானத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை நோட்டை மட்டும் வாங்கிப் பாருங்கள். மணிக்கணக்கு ஏறியிருக்கிறதா, மாதிரிகள் கூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று மாதத்தில் நோட்டு அப்படியே கிடந்தால், திட்டாமல் அவளிடம் பேசுங்கள். துணியைப் பார்ப்பது பிடித்திருக்கிறது, செய்வது பிடிக்கவில்லை என்றுகூட இருக்கலாம். அப்படியானால் துணி வணிகம், கண்காட்சி மேலாண்மை, ஜவுளி வரலாறு என்று அந்த விருப்பத்துக்கும் படிப்புகள் இருக்கின்றன. நோட்டு நிறைந்திருந்தால், மாதிரிகளோடு அதையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். வடிவமைப்பா நுண்கலையா என்பதை அவள் எழுதியதைப் பார்த்து, அவளையும் உட்காரவைத்துக்கொண்டே பேசி முடிவு செய்வோம்.