வெளிச்சம் முதல்ல வரும், சூடு அப்புறம்தான் வரும்
வாசகர் கேள்வி பதில்

பனி உறையிற ஊர்கள்ல ஆடு, கோழி, தோட்டம்னு வெச்சிருக்குறவங்ககிட்ட இருந்து இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி ஒரே சங்கதிதான், குளிர்காலம் முடியப்போகுது ஆனா முடியல, வேலை எல்லாம் ஒண்ணா தலைமேல வந்து விழுது, வீட்டுல யாருக்கும் தெம்பு இல்ல. பதிலுக்கு போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன், கீழ எல்லா பதிலுக்கும் இதுதான் அடிப்படை. வருஷத்துலயே பகல் குறைவான நாள் வேற, குளிர் அதிகமான நாள் வேற. பகல் நீள ஆரம்பிச்ச பிறகும் நாலஞ்சு வாரம் வரைக்கும் பூமி ராத்திரியில இழக்குற சூடு பகல்ல வாங்குற சூட்டை விட அதிகமாவே இருக்கும், அதனால வெளிச்சம் முன்னாடி ஓடிடும், சூடு பின்னாடிதான் மெதுவா வரும். கோழியும் ஆடும் வெளிச்சத்தை பார்த்து நடக்குதுங்க, மண்ணும் விதையும் சூட்டை பார்த்து நடக்குது, நடுவுல மாட்டிக்கிறது நாமதான்.

அக்கா, மூணு மாசமா ஒரு முட்டை கூட வைக்காத கோழிங்க இந்த வாரம் திடீர்னு வைக்க ஆரம்பிச்சிருச்சு. வெளியில இன்னும் உறைபனிதான், காலையில தண்ணி தொட்டியில ஐஸை உடைச்சுட்டுதான் ஊத்துறேன். அதுல ரெண்டு முட்டை ஓடே இல்லாம தோல் மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. ஏதாவது நோயா இருக்குமா?

நோயெல்லாம் இருக்காதும்மா, பயப்படாத. கோழிக்கு வெளிச்சம் கண்ணு வழியா மட்டும் போறதில்ல, மண்டை ஓட்டை தாண்டி மூளைக்கே நேரா போகுது, அங்க இருந்துதான் முட்டை வைக்கலாம்னு உத்தரவு வருது. பகல் 12 மணி நேரத்தை நெருங்கும்போதே சில கோழிங்க ஆரம்பிச்சிரும், 14 மணி நேரம் ஆச்சுன்னா எல்லாமே முழு வேகத்துல வைக்கும். குளிர் எவ்வளவுங்கிறது இதுல ரெண்டாம்பட்சம்தான். ஒரு முட்டை உருவாக கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகும், அதுல 20 மணி நேரம் ஓடு கட்டுறதுக்கே போயிடும், ரொம்ப நாள் சும்மா இருந்த உடம்பு முதல் நாலஞ்சு முட்டைக்கு தடுமாறத்தான் செய்யும். சுண்ணாம்புச்சத்துக்கு கிளிஞ்சலை நொறுக்கி ஒரு தனி கிண்ணத்துல வெச்சிடு, தீவனத்தோட கலக்காத, வேணுங்கிற கோழி அதுவா வந்து கொத்திக்கும், சேவலுக்கு அது தேவையும் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சும் ஓடு சரியாகலன்னா அப்ப டாக்டர் கிட்ட காட்டு.

இன்னொண்ணு, முட்டையை மத்தியானம் ஒரு தடவை எடு, சாயங்காலம் ஒரு தடவை எடு. உறைஞ்சா உள்ள இருக்கிறது விரிஞ்சு ஓடு விரிசல் விட்டுடும், அப்படி விரிசல் விட்டதை சாப்பிட எடுக்காத. அப்புறம் குளிருதேன்னு கூண்டுல இருக்குற எல்லா ஓட்டையையும் சாக்கு வெச்சு அடைச்சிருப்ப, நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. கோழிக்கு குளிரை தாங்க இறக்கை இருக்கு, ஈரத்தை தாங்க ஒண்ணும் இல்ல. அதுங்க விடுற மூச்சும் எச்சமும் சேர்ந்து உள்ள ஈரமாச்சுன்னா கொண்டை பனியில கருகிடும். காலையில கதவை திறந்ததும் குனிஞ்சு கோழி உட்கார்ற உயரத்துல மூச்சை இழுத்து பாரு, கண்ணு எரிஞ்சுதுன்னா மேல கூரை ஓரத்துல காத்து போற வழியை திறந்து விடு, கோழி மேல நேரா காத்து அடிக்காம இருந்தா போதும்.

நாலு நாளா வெயில் அடிக்குதுன்னு என் வீட்டுக்காரர் தோட்டத்தை உழுதுடலாம்னு நிக்கிறார். எனக்கு மண்ணு சேறா தெரியுது. யார் சொல்றது சரி?

நீங்க சொல்றதுதான் சரி, ஆனா அவர்கிட்ட என் பேரை சொல்லி சண்டை போட வேண்டாம், மண்ணை கேளுங்க, அதுவே சொல்லிடும். ஒரு சாண் ஆழத்துல இருந்து ஒரு பிடி மண்ணு எடுத்து கையில உருண்டை பிடிங்க, கட்டைவிரலால லேசா தட்டுங்க. பொலபொலன்னு உதிர்ந்தா பதம் வந்தாச்சு. விரல் பதிஞ்ச குழியோட அப்படியே களிமண்ணா நின்னுச்சுன்னா கை வைக்கக்கூடாது. மேல வெயில் பட்டு இளகிடுச்சு, ஆனா அடியில இன்னும் உறைஞ்சு கிடந்தா தண்ணி இறங்க வழி இல்ல, அதான் இந்த சீசன்ல முற்றம் முழுக்க சேறு. அந்த ஈரத்துல உழுதா மண்ணுக்குள்ள காத்து போற சந்து எல்லாம் அடைஞ்சு, காய்ஞ்சதும் செங்கல் கட்டி மாதிரி ஆயிடும், அதை சரி பண்ண அந்த வருஷமே போதாது.

அவருக்கு கை துறுதுறுன்னு இருந்தா பழ மரத்துல கிளையை கழிச்சு விட சொல்லுங்க, மொட்டு வெடிக்கிறதுக்கு முன்னாடி அதுக்கு சரியான நேரம் இதுதான். இல்லன்னா போன வருஷ விதையை டெஸ்ட் பண்ண சொல்லுங்க, 10 விதையை ஈரத்துணியில சுருட்டி வீட்டுக்குள்ள வெதுவெதுப்பான இடத்துல வெச்சு பத்து நாள்ல எத்தனை முளைக்குதுன்னு பார்த்தா போதும், ஏழு முளைச்சா நூத்துக்கு எழுபது. வெங்காய விதை ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே போயிடும், அதை நம்பாதீங்க. மண்ணுல குத்துற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி காலையில பாருங்க, பட்டாணி 5 டிகிரி மண்ணுலயே மெதுவா முளைச்சிரும், தக்காளி 15 டிகிரிக்கு கீழ ரொம்ப இழுத்தடிக்கும்.

அக்கா, எங்க சினை ஆட்டுக்கு நாள் நெருங்கிடுச்சு. வீட்டுக்காரர் வேலைக்காக வெளியூர்ல இருக்கார், வாரக் கடைசியிலதான் வருவார். நானும் மாமியாரும் ரெண்டு பசங்களும் மட்டும்தான். ராத்திரியில ஈனுச்சுன்னா என்ன பண்றதுன்னு நெனச்சாலே தூக்கம் வரல.

தங்கச்சி, உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், ஏன்னா இந்த பயத்தோட நானும் கொட்டகையில உட்கார்ந்திருக்கேன். குளிர் நல்லா இருக்குற இடங்கள்ல ஆடு பகல் குறையிற காலத்துல பருவத்துக்கு வரும், அஞ்சு மாசம், அதாவது சுமார் 150 நாள் கழிச்சு ஈனும், அதான் கணக்கு சரியா குளிர்காலக் கடைசியில வந்து நிக்குது. குட்டி வளர்றதுக்குள்ள புல்லு வந்துடணும்ங்கிறதுதான் இயற்கையோட கணக்கு, ஆனா அது பிறக்குற ராத்திரியில புல்லும் இல்ல சூடும் இல்ல, அந்த ராத்திரியை நாமதான் பார்த்துக்கணும்.

முதல்ல அறிகுறி. தினமும் வால் அடியில ரெண்டு பக்கமும் விரலை வெச்சு பாரு, பென்சில் மாதிரி ரெண்டு நரம்பு இறுக்கமா தட்டுப்படும், அது இளகி கைக்கே தெரியாம போச்சுன்னா ஒரு நாளுக்குள்ள ஈனிடும். மடி பளபளன்னு இறுகிடும், காலால தரையை சுரண்டும், திரும்பி திரும்பி தன் விலாவையே பார்க்கும். வர்ற முறை என்னன்னா முன்னங்கால் ரெண்டு குளம்பு, அது மேல மூக்கு, தண்ணியில தலைகீழா பாய்றவன் கை நீட்டுவான் பாரு அந்த மாதிரி. அப்படி வந்துச்சுன்னா நீ இழுக்காத, அதுவே போட்டுடும். அரை மணி நேரம் பலமா முக்கியும் ஒண்ணும் வரல, இல்ல ஒரு கால் மட்டும் தெரியுது, இல்ல வால் தெரியுதுன்னா உடனே மாட்டு டாக்டருக்கு போன் பண்ணு, அவர் நம்பரை இன்னைக்கே கொட்டகை கதவுல பெருசா எழுதி ஒட்டிடு, ராத்திரி பதட்டத்துல போன்ல தேடிட்டு நிக்கக்கூடாது.

குட்டி விழுந்ததும் மூக்கு வாயில இருக்குற சளியை துணியால துடைச்சு தாய் முன்னாடி போட்டுடு, அது நக்குறதுதான் குட்டிக்கு முதல் மருந்து. தொப்புள் கொடியை அயோடின்ல முக்கு. சீம்பால் முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், ஏன்னா அதுல இருக்குற எதிர்ப்பு சக்தியை குட்டியோட குடல் முதல் நாள் மட்டும்தான் உறிஞ்சும், மணிக்கு மணி அந்த வாசல் மூடிட்டே வரும், மறுநாள் குடுத்தா அது வெறும் பால்தான். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள்ள தானா விழணும், தொங்குதேன்னு கை வெச்சு இழுக்காத, விழலன்னா டாக்டரை கூப்பிடு.

இப்ப நான் சொல்றதை மட்டும் மறக்கவே மறக்காத. குட்டி துவண்டு கிடந்தா முதல்ல உன் விரலை அது வாய்க்குள்ள விட்டு பாரு. வாய் வெதுவெதுப்பா இருந்தா பால் குடு. வாய் சில்லுன்னு இருந்தா பால் குடுக்காத, முதல்ல சூடு பண்ணு. குட்டியோட உடம்பு சூடு சுமார் 39 டிகிரி இருக்கணும், ரொம்ப இறங்கிடுச்சுன்னா வயிறு வேலை செய்யாது, உறிஞ்சவும் முடியாது, ஊத்தின பால் நுரையீரலுக்கு போயிடும். ஒரு வருஷம் இது தெரியாம, பசியில கிடக்குதேன்னு பதறிப்போய் பாட்டில்ல பால் காய்ச்சி ஊத்தினேன், விடியறதுக்குள்ள என் மடியிலயே போயிடுச்சு. துண்டால அழுத்தி தேய்ச்சு காய வெச்சு, வெந்நீர் பாட்டிலை துணியில சுத்தி ரெண்டு பக்கமும் வெச்சு, தலை நிமிர்ந்து உன் விரலை சப்ப ஆரம்பிச்ச பிறகு பால் குடு. சூட்டு பல்பு போட்டா வைக்கோல் பக்கத்துல தொங்க விடாத, சங்கிலியில ரெண்டு இடத்துல கட்டு, கொட்டகை தீப்பிடிக்க அதுவும் ஒரு முக்கிய காரணம்.

மாமியார் கூட இருக்காங்கன்னு எழுதியிருக்க, அது பெரிய பலம். அவங்ககிட்ட இதெல்லாம் வாய்விட்டு சொல்லு, அவங்க பார்த்த ஈத்துகளை சொல்ல சொல்லு, பயம் பாதி அங்கயே போயிடும்.

அடுப்பு சாம்பல் மூட்டை மூட்டையா சேர்ந்திருக்கு, தோட்டத்துல கொட்டலாமா?

கொஞ்சமா தூவலாம், சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் இருக்கு. மண்ணு ஏற்கனவே காரத்தன்மையா இருந்தா வேண்டாம், பச்சை சாணத்தோட கலக்கவும் வேண்டாம், தழைச்சத்து காத்துல போயிடும். அதை விட முக்கியம், சாம்பலுக்குள்ள கங்கு மூணு நாலு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில, வீட்டை விட்டு தள்ளி, மண்ணு மேல வெச்சு ஆறவிட்டுட்டு அப்புறம் எடுங்க.

வீட்டுல ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுறோம்க்கா. ஒரு ஈர செருப்பை யார் வாசல்ல போட்டாங்கன்னு நேத்து அரை மணி நேரம் சண்டை. நாங்க இப்படிப்பட்ட குடும்பமே இல்ல.

இல்லன்னு எனக்கு தெரியும்மா. விறகு அடுக்கு கடைசி வரிசைக்கு வந்துடுச்சு, தீவனம் அடி மூட்டை, அடுப்பு மேல அஞ்சு ஜோடி ஈர கையுறை காயாம தொங்குது, எல்லாரும் மூணு மாசமா ஒரே ரூம்ல ஒரே சூட்டுல உட்கார்ந்திருக்கீங்க, வெளியில வெளிச்சம் வா வான்னு கூப்பிடுது ஆனா போய் ஒண்ணும் பண்ண முடியல. அந்த எரிச்சல் செருப்பு மேல விழுந்துடுச்சு, அவ்வளவுதான்.

எங்க வீட்டுல இப்படி ஆனப்ப நாங்க செஞ்சது ஒண்ணு இருக்கு. ஒரு காலண்டரை நடுவுல போட்டு எல்லாரும் உட்கார்ந்து வேலையை ரெண்டா பிரிச்சோம், வெளிச்சத்தோட வர்றது ஒரு பக்கம், அதாவது முட்டை, ஈத்து, மரம் கழிக்கிறது, இதெல்லாம் இப்பவே. சூட்டோட வர்றது இன்னொரு பக்கம், உழவு, நடவு, வேலி கம்பம் நடுறது, இதெல்லாம் மண்ணு சொல்ற வரைக்கும் யாரும் பேச்சு எடுக்கக்கூடாதுன்னு வெச்சோம். பாதி வேலை காலண்டர்ல இருந்தே இறங்கிடுச்சு, மனசும் கொஞ்சம் இறங்குச்சு. ராத்திரி கொட்டகை காவல் முறை வெச்சுக்கோங்க, முழிச்சவங்க காலையில தூங்குற வரைக்கும் யாரும் எழுப்பக்கூடாது, குழந்தைங்க உட்பட. தூக்கம் கெட்டவங்க வாயில நல்ல வார்த்தை வராது, அதை குணம்னு நெனச்சுக்காதீங்க. வாசல்ல மரத்தூளும் மரச்சில்லும் நல்லா கனமா கொட்டி வைங்க, சேறு அதோட நின்னுடும், செருப்பு சண்டையும் நின்னுடும்.

என் மகளுக்கு ஒம்பது வயசு. அவ பேர் வெச்ச ஆட்டுக்குட்டி ரெண்டாம் நாளே செத்துப்போச்சு. அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி புதைச்சிட்டு, வேற வீட்டுக்கு குடுத்துட்டோம்னு சொல்லிட்டேன். இப்ப நாலு நாளா கொட்டகைக்கே வர மாட்டேங்குறா. இன்னும் ரெண்டு ஆடு ஈன வேண்டியிருக்கு.

நீங்க ஏன் அப்படி சொன்னீங்கன்னு புரியுது, அந்த முகத்தை பார்த்து சொல்ல வாய் வந்திருக்காது. ஆனா அவளுக்கு தெரிஞ்சிருக்கு, அதான் வர மாட்டேங்குறா. ரெண்டு நாள் குட்டியை தாயை விட்டு யாரும் குடுக்க மாட்டாங்கன்னு கொட்டகையில வளர்ற பிள்ளைக்கு தெரியும்மா. இன்னைக்கே உட்கார வெச்சு உண்மையை சொல்லிடுங்க, தூங்கிடுச்சு, சாமிகிட்ட போயிடுச்சுன்னு எல்லாம் வேண்டாம், செத்துப்போச்சு, நான் உன்கிட்ட மறைச்சுட்டேன், அது என் தப்புன்னு சொல்லுங்க. எங்க புதைச்சீங்கன்னு கூட்டிட்டு போய் காட்டுங்க. அழுதா அழட்டும், நீங்களும் அழுதா தப்பில்ல. அவ ஏதாவது தப்பா பால் குடுத்ததால செத்துச்சோன்னு உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டு இருக்கலாம், அதை அவளா கேட்க மாட்டா, நீங்களா முந்திக்கிட்டு உன்னால இல்லன்னு சொல்லிடுங்க.

அடுத்த ஆடு ஈனுறப்ப வா வான்னு இழுக்காதீங்க, கதவு திறந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வந்தா டார்ச்சை அவ கையில குடுங்க. ஒரு நோட்டும் பென்சிலும் குடுங்க, குட்டி எத்தனை மணிக்கு விழுந்துச்சு, எத்தனை மணிக்கு எந்திரிச்சு நின்னுச்சு, முதல் பால் எப்ப குடிச்சுச்சுன்னு அவளே எழுதட்டும். முதல் பக்கத்துல செத்துப்போன குட்டியோட பேரை எழுதணும்னு கேட்டான்னா எழுத விடுங்க.